பேசிவைத்த சண்டை

கேள்வி: சின்ன வயதிலிருந்து டபிள்யூ.டபிள்யூ.இ. மல்யுத்தத்தை நம்பிப் பார்த்தவன் நான். ஓய்வுபெற்ற வீரர்கள் மனம் திறந்து பேசும் 'ஷூட் இன்டர்வியூ'க்களைச் சமீபத்தில் வரிசையாகக் கேட்டேன். யார் ஜெயிப்பது, எப்படி முடிப்பது எல்லாமே முன்கூட்டிப் பேசிவைத்தது என்று அவர்களே சொல்கிறார்கள். இத்தனை வருஷம் ஏமாந்துவிட்டேனே என்று இருக்கிறது. அன்று ஏமாற்றியவர்கள் இன்று சொல்வதை மட்டும் எப்படி நம்புவது?

பதில்: இரண்டு கேள்விகளை ஒன்றாக முடிச்சுப் போட்டிருக்கிறீர்கள். தனித்தனியாக அவிழ்க்கிறேன்.

உங்களை யாரும் ஏமாற்றவில்லை. அப்போது டபிள்யூ.டபிள்யூ.எஃப். என்ற பெயரில் இருந்த அதே நிறுவனம், 1989 பிப்ரவரியிலேயே அமெரிக்காவின் நியூஜெர்சி மாநில செனட்டிடம் தங்கள் மல்யுத்தம் போட்டி விளையாட்டு அல்ல, பொழுதுபோக்குக் காட்சி என்று சொல்லிவிட்டது. விளையாட்டு ஆணையத்தின் கெடுபிடியிலிருந்து தப்பிக்கத்தான் சொன்னார்கள். ஆனாலும் சொன்னார்கள், செய்தித்தாளிலும் வந்தது. அதற்கு முன்னால் ரகசியம் காத்தது உண்மை. அந்தக் கட்டுப்பாட்டுக்குத் தொழிலுக்குள் 'கேஃபேப்' என்று பெயர். ரிங்குக்குள் ஜென்ம எதிரிகளான ஜிம் டக்கனும் அயர்ன் ஷீக்கும் 1987-ல் ஒரே காரில் போய் நியூஜெர்சியில் போலீசிடம் மாட்டியபோது, இருவரும் சேர்ந்து பயணம் செய்தது வெளியே தெரிந்ததே பெரிய குற்றமாகி, இருவருக்கும் வேலை போனது. அந்தக் காலம் முடிந்து பல பத்தாண்டுகள் ஆகின்றன.

'பேசிவைத்தது' என்றால் முழுக்க எழுதி ஒப்பித்தது என்று நினைக்கிறீர்கள். அந்தப் பேட்டிகளையே இன்னொரு முறை காது கொடுத்துக் கேளுங்கள். மேலிடம் முடிவு செய்வது பெரும்பாலும் மூன்று விஷயம்: யார் ஜெயிப்பது, கடைசி அடி எப்படி இருக்க வேண்டும் என்ற 'ஃபினிஷ்', எத்தனை நிமிடம். முன்பு இதைச் செய்தவரை 'புக்கர்' என்றார்கள். இப்போது எழுத்தாளர் குழுவே இருக்கிறது. அப்புறம் ஓய்வுபெற்ற மூத்த வீரர் ஒருவர் இருவரோடும் உட்கார்ந்து முக்கியமான கட்டங்களைப் பேசுவார். நடுவில் உள்ளதை அந்த இரண்டு பேரும்தான் நிரப்ப வேண்டும்.

பழைய ஆட்கள் அதை ரிங்கிலேயே பேசி நிரப்பினார்கள். ஒருவர் இன்னொருவரின் கழுத்தைக் கக்கத்தில் இறுக்கிக்கொண்டு வெகுநேரம் நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். அது மூச்சு வாங்கவும், அடுத்து என்ன என்று காதில் சொல்லவும்தான். முகம் மறைந்திருக்கும், உதடு அசைவது கேமராவில் விழாது. வழக்கமாக வில்லன், அவர்கள் மொழியில் 'ஹீல்', மேட்சை நடத்திச் செல்வார். கூட்டம் சோர்ந்தால் திட்டத்தை அங்கேயே மாற்றுவார். நேரம் முடியப்போவதை நடுவர் வந்து ரகசியமாகச் சொல்வார். 'வீட்டுக்குப் போ' என்றால் ஃபினிஷுக்கு வா என்று அர்த்தம்.

இதற்கு நேர் எதிர் ஆள் ராண்டி சாவேஜ். 1987 மார்ச் 29, நிறுவனத்தின் பெரிய வருடாந்தர நிகழ்ச்சியான ரெசில்மேனியாவின் மூன்றாவது பதிப்பு, பான்டியாக் சில்வர்டோம் அரங்கம். எதிரில் ரிக்கி ஸ்டீம்போட். அந்த மேட்சுக்காக இருவரும் ஒவ்வொரு அசைவையும் தாளில் எண் போட்டு எழுதினார்கள் என்று ஸ்டீம்போட் பல பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். ஒருவர் ஓர் எண்ணைச் சொன்னால் மற்றவர் அங்கிருந்து கடைசி வரை மளமளவென்று ஒப்பிக்க வேண்டும். பரீட்சைக்குப் படிப்பது போலப் படித்திருக்கிறார்கள். கால் மணி நேரம்கூட ஓடாத அந்த மேட்சை அன்றைய கூட்டமும் மறக்கவில்லை, பின்னால் வந்த வீரர்களும் மறக்கவில்லை. முடிவு தெரிந்துகொண்டே இவ்வளவு உழைத்தவர்களை ஏமாற்றுக்காரர்கள் என்று சொல்ல எனக்கு வாய் வராது. நீங்களும் சொல்லாதீர்கள்.

இன்னொன்றையும் யோசித்துப் பாருங்கள். ரிங்கின் தரை இரும்புச் சட்டத்தின் மேல் பலகை, அதன் மேல் மெல்லிய மெத்தை, மேலே கித்தான். அவ்வளவுதான். அதில் விழுவதைத்தான் 'பம்ப்' என்கிறார்கள். தாடையை நெஞ்சோடு ஒட்டி, முதுகு முழுவதும் ஒரே நேரத்தில் தரையில் படுமாறு விழ வேண்டும். தலை முதலில் பட்டால் முடிந்தது கதை. தூக்குகிறவர் கையில் தன் உயிரைக் கொடுத்துவிட்டுத்தான் ஒருவர் தலைகீழாகத் தொங்குகிறார். அந்த நம்பிக்கைக்காகவும்தான் முன்கூட்டியே பேசுகிறார்கள்.

அது தவறிப்போன ஒரு நாள், 1997 ஆகஸ்ட் 3, சம்மர்ஸ்லாம் என்ற இன்னொரு வருடாந்தர நிகழ்ச்சி. ஸ்டீவ் ஆஸ்டினை ஓவன் ஹார்ட் தலைகீழாகப் பிடித்து 'பைல்டிரைவர்' போட்டார். முழங்கால் போட்டு இறங்காமல் உட்கார்ந்தபடி இறங்கினார். ஆஸ்டினின் தலை, ஓவனின் தொடைகளுக்குக் கீழே நீட்டிக்கொண்டிருந்தது. முழு எடையும் கழுத்தில் இறங்கியது. ஆஸ்டினால் கை கால் அசைக்க முடியவில்லை. ஜெயிக்க வேண்டியவரோ அவர்தான். ஓவன் அவர் மேல் விழுந்து மூன்று எண்ண விட்டிருந்தால் மேட்ச் தப்பான முடிவில் போயிருக்கும். வேறு யாராவது என்றால் கைகால் உதறியிருக்கும். ஓவன் எழுந்து ரிங்கைச் சுற்றி நடந்து, கூட்டத்தைச் சீண்டிக்கொண்டே நேரத்தைக் கடத்தினார். ஒருவழியாக ஆஸ்டின் ஊர்ந்து வந்து அவரைச் சுருட்டிப் பிடித்தார். பிடியில் பலமே இல்லை. ஓவன் மூன்று எண்ணும் வரை அதற்குள் கிடந்தார். ஆஸ்டினுக்கு 2000-ல் கழுத்தில் அறுவை சிகிச்சை நடந்தது, 2003-ல் முழுநேர மல்யுத்தத்தை விட்டார். ஃபினிஷ் பொய்தான், சரி. கழுத்து?

அடுத்தது உங்கள் இரண்டாவது கேள்வி. இதில் உங்கள் சந்தேகம் நியாயமானது.

ஷூட் இன்டர்வியூ என்பதும் ஒரு சரக்கு. ஆரம்பத்தில் வீடியோ கேசட்டில் விற்றார்கள், பேசியவருக்குப் பணம் கொடுத்தார்கள். இப்போது பாட்காஸ்ட். காரமான கதைக்குத்தான் கேட்பவர்கள் அதிகம். வாழ்நாள் முழுக்கக் கூட்டத்தைக் கட்டிப்போடும் கதையைச் சொல்லிப் பழகியவர், மைக் முன்னால் உட்கார்ந்ததும் அந்தப் பழக்கத்தைக் கழற்றி வைத்துவிடுவார் என்று எதிர்பார்க்க முடியாது. 2011 ஜூனில் சி.எம். பங்க் என்ற வீரர் மேடையில் சம்மணம் போட்டு நிறுவனத்தைத் திட்டித் தீர்த்தார், மைக்கைக்கூட அணைத்தார்கள். அது நிறுவனம் தெரிந்தே அனுமதித்தது. 2014-ல் அவர் ஒரு பாட்காஸ்ட்டில் பேசியதோ நிஜம். அதற்காக நிறுவனத்தின் மருத்துவர் வழக்குப் போட, 2018-ல் சிகாகோவில் ஜூரி பங்க் பக்கம் தீர்ப்பளித்தது. வெளியிலிருந்து கேட்பவருக்கு இரண்டும் ஒரே குரல்தான்.

நான் கேட்கும் முறையைச் சொல்கிறேன். 'நான் இந்தப் பிடியை இப்படிப் போட்டேன், அவர் காதில் இதைச் சொன்னார்' என்று தன் கை செய்ததைச் சொன்னால் பெரும்பாலும் நம்புவேன். மேட்ச் வீடியோ கையில் இருக்கிறது, ஒப்பிட்டுப் பார்க்கலாம். 'அந்தச் சதி யாருடையது, யார் காலை யார் வாரினார்' என்று ஆரம்பித்தால் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்துகொள்வேன்.

கனடாவின் மாண்ட்ரியல் நகரில் நடந்ததை எடுத்துக்கொள்ளுங்கள். 1997 நவம்பர் 9. சாம்பியன் பிரெட் ஹார்ட் போட்டி நிறுவனமான டபிள்யூ.சி.டபிள்யூ.வுக்குப் போகப்போகிறார். சொந்த நாடான கனடாவில் ஷான் மைக்கேல்ஸிடம் பட்டத்தைத் தோற்க மாட்டேன் என்றார். வெற்றி தோல்வி இல்லாமல் கைகலப்பில் முடிப்பதாகப் பேசினார்கள். நடுவில் ஒரு கட்டம்: காலை முறுக்கிச் சரணடைய வைக்கும் பிரெட்டின் பிடியான ஷார்ப்ஷூட்டரை மைக்கேல்ஸ் அவர் மீதே போடுவார், பிரெட் அதைத் திருப்புவார். பேசிவைத்தபடி பிரெட் காலைக் கொடுத்தார். ரிங் ஓரத்தில் நின்ற முதலாளி வின்ஸ் மெக்மேன் மணியை அடிக்கச் சொன்னார். பிரெட் சரணடையவே இல்லை, பட்டம் போய்விட்டது. சக ஊழியர் மேல் வைத்த நம்பிக்கையையே ஆயுதமாக்கியதால்தான் அந்த இரவை அந்தத் தொழிலில் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார்கள்.

அன்றிரவு எனக்கு எதுவும் தெரியாது என்று மைக்கேல்ஸ் சத்தியம் செய்தார். பல வருஷம் கழித்து, முன்பே தெரியும் என்று அவரே ஒப்புக்கொண்டார். யோசனை யாருடையது என்பதற்கோ ஒன்றுக்கு மேற்பட்டவர்கள் பேட்டிகளில் சொந்தம் கொண்டாடியிருக்கிறார்கள். இதில் எதைப் பிடித்துக்கொள்வீர்கள்? பிரெட்டைப் பற்றி அப்போது ஆவணப்படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். அன்று வின்ஸோடு அவர் தனியே பேசியது மறைத்து வைத்த மைக்கில் பதிவாகியிருக்கிறது. இருபது வருஷம் கழித்து வரும் ஞாபகத்தைவிட அந்த ஒலிப்பதிவுக்குத்தான் நான் மதிப்புக் கொடுப்பேன்.

இன்னொரு விஷயம் எனக்கு மனசை உறுத்துவது. பேசுகிறவர்கள் எல்லாம் உயிரோடு இருப்பவர்கள். ராட்சத உருவ வீரர் ஆந்த்ரே 1993-ல் போய்விட்டார், சாவேஜ் 2011-ல். ஓவன் ஹார்ட் 1999 மே 23 அன்று கான்சாஸ் சிட்டியில் அரங்கின் உச்சியிலிருந்து கயிற்றில் இறக்கப்படும்போது விழுந்து இறந்தார், வயது 34. அந்த பைல்டிரைவரைப் பற்றி ஆஸ்டின் பக்கத்துக் கதையை எத்தனை பேட்டியில் வேண்டுமானாலும் கேட்கலாம். ஓவன் பக்கத்துக்கு அந்த மேட்சின் வீடியோ ஒன்றுதான் மிச்சம். அதைப் போட்டுப் பாருங்கள். ஆஸ்டின் அசையாமல் கிடக்கும் நேரம் முழுவதும் ஓவனை மட்டும் பாருங்கள்.