முதுகு வலியும் பேஸ் கிட்டாரின் எடையும்

அன்புள்ள ஐயா,

எனக்கு 47 வயது. தேவாலயப் பாடகர் குழுவில் பேஸ் வாசிக்கிறேன். முகூர்த்த மாதங்களில் கல்யாண வரவேற்புக் கச்சேரிகளுக்கும் போவதுண்டு. அங்கே மூன்று மணி நேரம் நின்றே வாசிக்க வேண்டும். என்னிடம் இருப்பது ஆஷ் மரத்தில் செய்த பழைய ஜாஸ் பேஸ் வகை, எடை 4.6 கிலோ. கீழ்முதுகில் டிஸ்க் பிதுங்கியிருப்பதாக ஸ்கேனில் தெரிந்தது. பாரம் தூக்க வேண்டாம் என்ற மருத்துவர், வாசிப்பதை விடச் சொல்லவில்லை. ஒருவர் ஷார்ட் ஸ்கேல் (கம்பி நீளம் குறைந்த பேஸ்) வாங்கு என்கிறார், இன்னொருவர் ஹெட்லெஸ் (தலை இல்லாத பேஸ்) என்கிறார், எடை குறைந்தால் சத்தம் மெலிந்துபோகும் என்று மூன்றாமவர் பயமுறுத்துகிறார். எத்தனை கிலோவுக்குள் பார்க்க வேண்டும்? இருப்பதையே இலகுவாக்க வழியுண்டா?

ஒரு வாசகர், நாகர்கோவில்

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் நிலையில் 3.6 கிலோவை மேல் வரம்பாக வைத்துக்கொள்ளுங்கள். இப்போது இருப்பதைவிட ஒரு கிலோ குறையும். மூன்று மணி நேரத்தில் அந்த ஒரு கிலோ பெரிய வித்தியாசம். ஆனால் எடையை மட்டும் பார்த்து வாங்கினால் ஏமாந்துபோவீர்கள். தலை கீழே சாயும் 3 கிலோ பேஸ், அசையாமல் நிற்கும் 3.8 கிலோ பேஸைவிட முதுகுக்குக் கெடுதல்.

ஸ்ட்ராப் உங்கள் இடது தோளில் தொங்குகிறது. இடப்பக்கம் பாரம் இழுக்க, உடல் சாயாமலிருக்க வலப்பக்கக் கீழ்முதுகுத் தசைகள் விடாமல் இறுகியிருக்கின்றன. இதோடு நெக்கும் (பேஸின் கழுத்து) கீழே சரிந்தால், விரல்கள் ஃப்ரெட்டை (நெக்கின் குறுக்கே பதித்த உலோகப் பட்டை) அழுத்தும்போதே உள்ளங்கை அதைத் தாங்கிப் பிடிக்க வேண்டியிருக்கும். இடது தோள் உயரும், வலது முன்கை பேஸின் பாடியின் (உடற்பகுதி) மேல் அழுந்தும், இடுப்பு மெல்ல முறுக்கிக்கொள்ளும். வாசிப்பவர்கள் நெக் டைவ் என்று சொல்வது இதைத்தான். மணிக்கணக்கில் அப்படி முறுக்கி நிற்பதை, டிஸ்க் பிதுங்கிய முதுகு எடையைவிட மோசமாக எடுத்துக்கொள்ளும்.

நெக் ஏன் சரிகிறது? பேஸின் மேல் கொம்பில் (பாடியிலிருந்து நெக் பக்கம் நீளும் முனை) ஒரு ஸ்ட்ராப் பட்டன், வால் முனையில் இன்னொன்று. கருவியின் எடை மையம் இந்த இரண்டுக்கும் நடுவில், மேல் கொம்புப் பட்டனிலிருந்து நன்றாக உள்ளே தள்ளி இருக்க வேண்டும். கொம்பு குட்டையாக இருந்தால் பட்டன் எடை மையத்தின் அருகிலேயே வந்துவிடும். நீண்ட நெக்கும் நான்கு ட்யூனிங் கீயும் (கம்பியை முறுக்கிச் சுருதி சேர்க்கும் திருகுகள்) சேர்ந்து தலையைக் கீழே இழுக்கும். மேல் கொம்பின் நுனி 12ஆம் ஃப்ரெட்டுக்கு நேராக எட்டுகிறதா பாருங்கள். எட்டினால் பெரும்பாலும் சாயாது. ஜாஸ் பேஸ், பிரிசிஷன் பேஸ் வடிவங்கள் எடை கூடியவையாக இருந்தாலும் ஓரளவு நிதானமாக நிற்பது இதனால்தான். கிப்சன் எஸ்ஜி வகையில் எடை குறைவு, ஆனால் மேல் பட்டன் நெக் சேரும் இடத்தில் இருப்பதால் தலை தாழும்; போதாததற்கு மொத்தக் கருவியும் இடப்பக்கம் தள்ளி நின்று, முதல் ஃப்ரெட் கைக்குத் தூரமாகிவிடும்.

கடையில் இதைச் சோதிக்க ஐந்து நிமிடம் போதும். உங்கள் சொந்த ஸ்ட்ராப்பையே கொண்டுபோங்கள். வழக்கமான உயரத்தில் மாட்டி, நெக்கை 30 டிகிரி அளவு மேல்நோக்கி வைத்து, இரண்டு கைகளையும் எடுத்துவிடுங்கள். அப்படியே நின்றால் நல்லது. கிடைமட்டத்துக்கு வந்து நின்றால் பரவாயில்லை. அதற்கும் கீழே இறங்கினால் வேண்டாம். வழவழப்பான சட்டையோடு போனால் இந்தச் சோதனை இன்னும் உண்மையைச் சொல்லும், ஏனென்றால் பருத்திச் சட்டையின் பிடிப்பு நெக் டைவைக் கொஞ்சம் மறைத்துவிடும். பிறகு ஒரு ஸ்டூலோ நாற்காலியோ கேட்காமல் இருபது நிமிடம் நின்று வாசியுங்கள். கடைக்காரர் முகம் சுளித்தாலும் பரவாயில்லை.

எடையை நீங்களே போட்டுப் பாருங்கள். மரம் மரத்துக்கு வேறுபடும். ஒரே மாடலில் இரண்டு பேஸ்களுக்கு நடுவே 300, 400 கிராம் வித்தியாசம் சாதாரணம். விமானப் பயணப் பெட்டிக்கு எடை பார்க்கும் தொங்கு தராசின் கொக்கியில் ஸ்ட்ராப்பை மாட்டித் தூக்கினால் சரியான கணக்கு வந்துவிடும். இணையத்தில் வாங்குவதானால் அந்த ஒரு கருவியை எடை போட்டுச் சொல்லச் சொல்லுங்கள், பட்டியலில் போட்டிருக்கும் எண்ணை நம்ப வேண்டாம். பாடி மரங்களில் பவுலோனியா மிக இலகு, அடுத்து பாஸ்வுட், ஆல்டர். சாதாரண ஆஷும் மேப்பிளும் கனம். பவுலோனியாவும் பாஸ்வுட்டும் மென்மையானவை. ஸ்ட்ராப் பட்டன் திருகு நாளடைவில் தளர்ந்து பிடுங்கிக்கொள்ளும். நீளமான திருகாக மாற்றிக்கொண்டால் அந்தக் கவலை இல்லை.

ஷார்ட் ஸ்கேலுக்கு வருகிறேன். ஒலிக்கும் கம்பியின் நீளம் வழக்கமான 34 அங்குலத்துக்குப் பதில் 30 அங்குலம். நட்டிலிருந்து (தலையருகே கம்பி தங்கும் கட்டை) பிரிட்ஜுக்கு (பாடியில் கம்பியைத் தாங்கும் பகுதி) பத்து செ.மீ. குறைவதால் இடது கை அவ்வளவாக நீள வேண்டியதில்லை. தோளுக்கு அதுவே பெரிய நிம்மதி. ஆனால் ஷார்ட் ஸ்கேல் என்றாலே இலகு என்று எண்ணிவிடாதீர்கள். ஃபெண்டர் மஸ்டாங் 1966இல் வந்த 30 அங்குல பேஸ், அந்த வடிவத்திலும் 3.8 கிலோவைத் தொடுபவை உண்டு. இன்னொன்று, ஒரே கனமுள்ள கம்பி குறைந்த நீளத்தில் தளர்ந்து நிற்கும். ஈ கம்பி தொளதொளத்து ஃப்ரெட்டில் அடிக்கும். 105 அளவு (0.105 அங்குலக் கனம்) ஈ கம்பியுள்ள செட்டோ ஃபிளாட்வவுண்ட் (தட்டை நாடா சுற்றிய கம்பி) செட்டோ போட்டால் சரியாகும். ஷார்ட் ஸ்கேல் என்றே குறித்த கம்பிகளை மட்டும் வாங்குங்கள். நீளக் கம்பியை வெட்டிப் போட்டால், தடித்த பகுதியே ட்யூனிங் கீயில் சுற்ற வேண்டிவரும். சுருள் பிரிந்து சுருதி நிற்காது, சில சமயம் அறுந்தும் போகும்.

சத்தம் மெலியும் என்பதை நான் ஏற்கவில்லை. பீட்டில்ஸ் குழுவின் பால் மெக்கார்ட்னி 1961இல் ஹாம்பர்கில் வாங்கிய ஹாஃப்னர் 500/1 உள்ளே வெற்றான வயலின் வடிவ பேஸ். அந்த மாடலின் எடை ஏறக்குறைய இரண்டேகால் கிலோதான். பேஸின் குரலைத் தீர்மானிப்பவை கம்பி, பிக்கப் (கம்பியின் அதிர்வை மின்சாரமாக்கும் பகுதி), அது வைத்திருக்கும் இடம், வாசிக்கும் விரல், ஆம்ப் (ஒலியைப் பெருக்கும் கருவி). மரத்தின் எடைக்கு அதில் சிறு பங்குதான். ஆனாலும் அந்த வயலின் பேஸை உங்களுக்குச் சிபாரிசு செய்ய மாட்டேன். கல்யாண மண்டபத்தில் பின்னால் ஸ்பீக்கர் முழங்கும்போது வெற்றுடம்பு ஊளையிடும்.

ஹெட்லெஸ் யோசனை சரியானது. கருவி வடிவமைப்பாளர் நெட் ஸ்டைன்பெர்கர் 1980களின் தொடக்கத்தில் இதைப் பரவலாக்கினார். தலையும் கீகளும் போய்விடுவதால் தலைப்பக்கம் இழுக்க எதுவுமில்லை. பழைய பாணி ஹெட்லெஸ்களுக்கு இரு முனையிலும் குமிழ் உள்ள கம்பி வேண்டும். ஊர்க் கடையில் அது கிடைக்காது, கச்சேரிக்கு முந்தின இரவு அறுந்தால் திண்டாட்டம்தான். ஐபனேஸ் ஈஎச்பி போன்ற புதியவற்றில் சாதாரணக் கம்பியையே நட்டுக்கு அருகே திருகால் இறுக்கிக்கொள்ளலாம். ஹெட்லெஸ் வேண்டாம் என்றால் ஐபனேஸ் எஸ்ஆர் வரிசையைப் பாருங்கள். மெல்லிய பாடி, நீண்ட மேல் கொம்பு, 34 அங்குலம், பெரும்பாலும் மூன்றரை கிலோ சுற்றளவில் நிற்கும். கை பழகிய ஸ்கேலும் மாறாது. நான் முதலில் அதைத்தான் எடுத்துப் பார்க்கச் சொல்வேன். ஐந்து கம்பி மட்டும் வேண்டாம். அகன்ற நெக்கும் கூடுதல் கீயும் சேர்ந்து எடை மறுபடி ஏறிவிடும்.

இருப்பதை இலகுவாக்குவதில் பலன் தருவது ட்யூனிங் கீ மாற்றம் ஒன்றுதான். பழைய பாணிப் பெரிய கீ ஒவ்வொன்றும் 110 கிராம் அளவு இருக்கும். ஹிப்ஷாட் அல்ட்ராலைட் போன்றவை அதில் பாதி. நான்கிலும் சேர்த்து 200 கிராம் குறையும், அதுவும் தலை நுனியில். தலை சாய்கிறது என்று வால் பக்கம் ஈயக்கட்டி ஒட்டுபவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் எடையைக் குறைப்பதற்குப் பதில் கூட்டுகிறார்கள்.  கீ வாங்குமுன் பேஸின் தலையில் உள்ள துளையின் விட்டத்தை அளந்துகொள்ளுங்கள், பொருந்தாத கீக்காகத் துளையைப் பெரிதாக்க வேண்டாம். கனமான பித்தளை பிரிட்ஜ் போட்டிருந்தால் அலுமினியமாக மாற்றலாம், ஆனால் அது வால்பக்க எடையைக் குறைப்பதால் கீயையும் சேர்த்து மாற்றினால்தான் சமநிலை கெடாது. ஜி கம்பியில் ஐந்திலிருந்து ஏழாம் ஃப்ரெட்டுக்குள் சுரம் சட்டென்று செத்துப்போகும் இடம் ஒன்று இவ்வகை பேஸ்களில் இருக்கும். கீ மாற்றியபின் அது ஒரு ஃப்ரெட் நகரலாம், பயப்பட வேண்டாம். இவ்வளவு செய்தும் உங்கள் 4.6 கிலோ 4.2க்குக் கீழே இறங்குவது கடினம். பாடியைக் குடைவதில் இறங்காதீர்கள். அந்தச் செலவுக்குப் புதிதே வாங்கலாம்.

ஸ்ட்ராப் நான்கு அங்குல அகலம், உட்புறம் சொரசொரப்பான தோலாக இருக்கட்டும். நியோபிரீன் ஸ்ட்ராப் மாட்டியதும் சுகமாகத் தெரியும், ஆனால் நடக்கும்போது பேஸ் மேலும் கீழும் குதிக்கும். உங்களுக்கு அது ஆகாது. இரு தோளிலும் பாரத்தைப் பகிரும் ஸ்ட்ராப்களும் உண்டு, டிஸ்க் தொல்லை உள்ளவர்களுக்கு அவை நன்றாகவே உதவுகின்றன. உட்கார்ந்திருக்கும்போது பேஸ் எந்த உயரத்தில் இருக்கிறதோ அதே உயரத்தில் நிற்கும்போதும் இருக்கும்படி நீளத்தை வைத்துக்கொண்டு, தேவாலயத்தில் உட்கார்ந்தே வாசியுங்கள். தொடை தரைக்கு இணையாக இருக்கும் உயரத்தில் ஸ்டூல் வேண்டும், ஸ்ட்ராப் தோளில் இருந்தபடியே. காலில் மரத்துப்போவதோ மின்சாரம் பாய்வதுபோன்ற வலியோ இறங்கினால் பேஸைக் கழற்றி வைத்துவிட்டு மருத்துவரைப் பாருங்கள், எடையை மாற்றி அதைச் சரிசெய்ய முடியாது.

ஆம்ப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் முதுகை முதலில் முறிப்பது அதுதான். 15 அங்குல ஸ்பீக்கர் வைத்த பழைய காம்போ (ஆம்பும் ஸ்பீக்கரும் ஒரே பெட்டியில்) 25 கிலோவுக்கு மேல் இருக்கும். குனிந்து அதைக் காரிலிருந்து தூக்கும் அந்தச் சில நொடிகள் மூன்று மணி நேர வாசிப்பைவிட ஆபத்து. மண்டபத்தில் பிஏ (பொது ஒலிபெருக்கி அமைப்பு) இருந்தால் டிஐ பாக்ஸ் (பேஸை நேரே மிக்சரோடு இணைக்கும் சிறு பெட்டி) வழியே மிக்சருக்கே கொடுத்துவிட்டு, மானிட்டரில் கேளுங்கள். சொந்த ஆம்ப் வேண்டுமென்றால் கிளாஸ் டி ஹெட் (ஸ்பீக்கர் இல்லாத இலகு வகை ஆம்ப்) இரண்டு கிலோ அளவில் கிடைக்கிறது, நியோடிமியம் காந்தமுள்ள 12 அங்குல கேபினெட் (ஸ்பீக்கர் பெட்டி) 12 கிலோ சுற்றளவில். கேபினெட்டுக்குச் சக்கர வண்டி. பேஸை ஹார்ட் கேஸிலிருந்து எடுத்து, இரு தோளில் மாட்டும் பைக்கு மாற்றினால் இன்னும் இரண்டு கிலோ குறையும்.