ஈட்டியை வைத்துவிட்டு சுக்கான் பிடித்தவர்கள்: டால்பின் வேட்டையும் டால்பின் சுற்றுலாவும் – கேள்வி பதில்

டால்பின், திமிங்கிலம் பற்றிப் பல வருடங்களாகப் படித்தும் அலைந்தும் வருகிறேன். வேட்டையை விட்டு, டால்பினைக் காட்டிப் பிழைக்க முடியுமா என்று நண்பர்கள் பலர் கேட்டிருந்தார்கள். எனக்குத் தெரிந்தவரை பதில் சொல்கிறேன்.

கேள்வி (திண்டுக்கல், கல்லூரி மாணவி): சார், டால்பினை வேட்டையாடியவர்களே சுற்றுலாவுக்கு மாறிய ஊர் நிஜமாகவே இருக்கிறதா? இல்லை, கேட்பதற்கு நன்றாக இருக்கும் கதைதானா?

பதில்: இருக்கிறதும்மா. பிலிப்பைன்ஸில் போஹோல் தீவுக்குத் தெற்கே பமிலக்கான் என்று ஒரு குட்டித் தீவு. பெரிய திருக்கைகளை மாட்டி இழுக்கும் கொக்கியின் பெயரிலிருந்துதான் ஊருக்கே அந்தப் பெயர் வந்தது என்று அங்கே சொல்வார்கள். திருக்கை, திமிங்கிலச் சுறா, பிரைடு திமிங்கிலம், டால்பின் எல்லாம் தலைமுறை தலைமுறையாகப் பிடித்தவர்கள். டால்பினுக்கு ஈட்டி. திமிங்கிலச் சுறா மாதிரி பெரிய உருப்படி என்றால், படகின் முன்முனையில் நிற்பவர் கொக்கியோடு அதன் முதுகு மேலேயே குதிப்பார். தன் எடை முழுவதையும் கொடுத்துக் கொக்கியை இறக்குவார். கொக்கியின் கயிறு படகில் கட்டியிருக்கும்.

1992ல் டால்பின் பிடிக்க அரசு தடை போட்டது. 1997ல் அந்தத் தடை திமிங்கிலங்களுக்கும் வந்தது. 1998ல் திமிங்கிலச் சுறா. ஆறே வருடத்தில் ஊரின் பிழைப்பு ஒவ்வொன்றாகக் கையை விட்டுப் போனது. கோபம் இல்லாமல் இருக்குமா? அந்தச் சமயத்தில்தான் இயற்கைப் பாதுகாப்பு அமைப்புகளின் உதவியோடு ஊர்க்காரர்களே ஒரு சங்கம் அமைத்து, வேட்டைக்குப் போன படகுகளிலேயே ஆட்களை ஏற்றிக் கடலுக்குக் கூட்டிப் போகத் தொடங்கினார்கள்.

நான் போனபோது விடியும் நேரத்தில் கிளம்பினோம். இரண்டு பக்கமும் மூங்கில் சிறகு கட்டிய படகு. முன்முனையில் அறுபதைத் தாண்டிய ஒரு பெரியவர் வெறுங்காலோடு நின்றுகொண்டிருந்தார். நாங்கள் எல்லோரும் தண்ணீரில் துடுப்பு தெரிகிறதா என்று தேடிக்கொண்டிருக்க, அவர் பார்த்தது வானத்தை. தூரத்தில் நாலைந்து பறவைகள் ஒரே இடத்தில் தாழ்ந்து சுற்றின. கையை மட்டும் நீட்டினார், படகு திரும்பியது. கொஞ்ச தூரம் போனதும் தண்ணீரின் மேல் ஒரு சுருக்கம், துணியை இழுத்துப் பிடித்த மாதிரி. எஞ்சினை நிறுத்தச் சொன்னார். அடுத்த நிமிடம் படகைச் சுற்றிச் சுழல் டால்பின்கள் (துள்ளும்போது உடம்பைச் சுழற்றும் வகை), முப்பது நாற்பது இருக்கும். பக்கத்தில் மூச்சு விடும் சத்தம் மட்டும், 'புஃப்', 'புஃப்' என்று. வேட்டைக்காகப் பழகிய கண் அது. அந்தக் கண்ணுக்குத்தான் நாங்கள் காசு கொடுத்தோம் என்று நினைக்கிறேன்.

கேள்வி (நாகப்பட்டினம்): நான் மீனவக் குடும்பம். சுற்றுலா வந்தால் ஓட்டல்காரனுக்குத்தான் லாபம், எங்களுக்கு என்ன மிஞ்சும்? அங்கே மட்டும் எப்படி?

பதில்: நீங்கள் கேட்பதுதான் சரியான கேள்வி. பமிலக்கானிலும் இதே பிரச்சினைதான். வெளிநாட்டவர் தங்குவது பக்கத்தில் இருக்கும் பங்லாவ் தீவின் ரிசார்ட்டுகளில். அங்கேயே படகு வைத்திருப்பவர்கள் அதே கடலுக்கு ஆட்களை ஏற்றிப் போய்விடுகிறார்கள். வேட்டையை விட்ட ஊருக்குச் சேர வேண்டிய பணம், வேட்டையே ஆடாத ஊருக்குப் போகிறது. பமிலக்கான் சங்கத்தாரின் பெரிய மனக்குறையே இதுதான்.

சுற்றுலா நல்லதா கெட்டதா என்பது என்னைப் பொறுத்தவரை இரண்டாவது கேள்வி. ஈட்டியைக் கீழே வைத்தவன் கைக்கே சுக்கானும் டிக்கெட் பணமும் போகிறதா என்பதுதான் முதல் கேள்வி. போகவில்லை என்றால் அந்தக் கை மறுபடி ஈட்டியைத்தான் தேடும்.

கேள்வி (கோயம்புத்தூர்): சுற்றுலா, சங்கம் என்று இவ்வளவு எதற்கு? ஒரு தொகையைக் கொடுத்து வேட்டையை நிறுத்தச் சொன்னால் முடிந்துவிடுமே?

பதில்: செய்து பார்த்தார்கள், முடியவில்லை. சாலமன் தீவுகளில் மலைட்டா என்ற பெரிய தீவின் ஓரம் ஃபனலே என்று ஒரு கிராமம். அங்கே ஓடங்களில் போய், தண்ணீருக்கடியில் கல்லோடு கல்லைத் தட்டிச் சத்தம் எழுப்பி, டால்பின் கூட்டத்தையே கரைக்கு விரட்டி வருவார்கள். இறைச்சியைச் சாப்பிடுவார்கள், உண்மை. ஆனால் அவர்களுக்கு முக்கியம் பல். கல்யாணத்தில் பெண்ணுக்குப் பரிசப் பணமாகக் கொடுப்பது டால்பின் பல். ஒரு சுழல் டால்பின் பல் 2004ல் அந்த நாட்டுக் காசுக்கு 1 டாலர், 2013ல் 5 டாலர்.

2010ல் ஒரு அமெரிக்க அமைப்பு, பணம் தருகிறோம், வேட்டையை நிறுத்துங்கள் என்று ஒப்பந்தம் போட்டது. அப்புறம் பணம் ஒழுங்காக வந்து சேரவில்லை என்று ஊருக்கும் அமைப்புக்கும் தகராறு. 2013 தொடக்கத்தில் ஒப்பந்தம் முறிந்தது. அந்த வருடத்தின் முதல் மூன்று மாதத்தில் மட்டும் 1,500க்கும் மேற்பட்ட டால்பின்களைக் கொன்றார்கள்.

அந்தப் பணம் வேலைக்கான கூலி இல்லை, சும்மா இருப்பதற்கான கூலி. வருகிறவரைதான் அதற்கு உயிர். பல்லுக்குப் பதில் என்ன என்பதை யாரும் யோசிக்கவும் இல்லை. நம் வீட்டுக் கல்யாணத்தில் தாலிக்குத் தங்கம் வேண்டாம், மாதாமாதம் பணம் அனுப்புகிறேன் என்று ஒருவர் சொன்னால் ஒத்துக்கொள்வோமா? அந்த ஊர்க்காரர்களை நான் குறை சொல்ல மாட்டேன்.

கேள்வி (சென்னை): ஜப்பான் பணக்கார நாடுதானே, அங்கே ஏன் மாறவில்லை?

பதில்: டால்பின் வேட்டைக்குப் பேர்போன டைஜி ஊரைத்தான் கேட்கிறீர்கள். சுமார் 3,000 பேர் இருக்கும் சின்ன ஊர். செப்டம்பர் பிறந்தால் படகுகள் வரிசையாகப் போகும். அடி விரிந்த இரும்புக் குழாயைத் தண்ணீருக்குள் இறக்கி மேலே சுத்தியலால் அடிப்பார்கள். அந்தச் சத்தம் டால்பினுக்குச் சுவர் மாதிரி. அப்படியே ஒரு சின்ன விரிகுடாவுக்குள் ஒதுக்கி வலையால் வாயை அடைத்துவிடுவார்கள்.

அங்கே மாறாததற்கு முக்கியக் காரணம், இறைச்சியை விடப் பல மடங்கு விலைக்கு உயிருள்ள டால்பின் விற்பதுதான். உலகம் முழுக்கக் காட்சியகங்கள் வாங்குகின்றன. 2015ல் ஜப்பானின் விலங்குக் காட்சியகச் சங்கம் தன் உறுப்பினர்கள் டைஜியில் வாங்கக் கூடாது என்று முடிவெடுத்தது. அப்போதும் வெளியே வாங்க ஆள் இருந்தார்கள்.

ஆனால் ஜப்பான் என்றாலே டைஜி மட்டும் இல்லை. இசு தீபகற்பத்தில் ஃபுட்டோ என்று ஒரு ஊர். அங்கே இசுமி இஷீ என்ற வேட்டைக்காரர் வேட்டையை விட்டு 2002ல் டால்பின் காட்டும் படகு தொடங்கினார். கூட வேட்டைக்குப் போனவர்கள் மத்தியில் ஒற்றை ஆளாக நின்று செய்தார். சங்கமாக மாறுவது ஒரு கஷ்டம் என்றால், தனியாக மாறுவது அதைவிடக் கஷ்டம். டோக்கியோவுக்குத் தெற்கே சுமார் 200 கிலோமீட்டரில் மிகுராஜிமா தீவைப் பாருங்கள். 300 பேர் இருக்கும் ஊர். தீவைச் சுற்றியே இருக்கும் டால்பின்களைப் பார்க்க வருகிறவர்களால் பலருக்குப் பிழைப்பு நடக்கிறது.

கேள்வி (பெங்களூரு): வெளிநாட்டில் டால்பின் ஷோ பார்ப்பதும் ஒருவகையில் உதவிதானே?

பதில்: இல்லை. மேலே சொன்ன விற்பனைக்குக் காசு தருவதே அந்த டிக்கெட்தான். இந்தியாவில் டால்பின் காட்சியகங்களுக்கு அனுமதி கிடையாது என்று 2013லேயே அறிவித்துவிட்டார்கள்.

கேள்வி (கற்பிட்டி, இலங்கை): வணக்கம் அண்ணா. எங்கட பக்கம் சீசனுக்கு நிறையப் படகு போகுது. ஒரு கூட்டத்தைக் கண்டால் எல்லாப் படகும் துரத்துது. இதுவும் ஒரு வேட்டை மாதிரித்தானே?

பதில்: தம்பி, நீங்கள் கவலைப்படுவதில் நியாயம் இருக்கிறது. சுழல் டால்பின் ராத்திரி முழுக்க ஆழத்தில் இரை தேடும். பகலில் பல இடங்களில் கரையை ஒட்டி வந்து ஓய்வெடுக்கும். மூளையில் ஒரு பாதி தூங்க, மறு பாதி விழித்திருக்கும். அந்த நேரத்தில் பத்துப் படகு சுற்றி வளைத்தால் தூக்கம் கெடும். தினமும் கெட்டால் உடம்பு என்னாகும்? அமெரிக்கா இதற்காகவே 2021ல் ஹவாயில் சட்டம் போட்டது, சுழல் டால்பினிடம் சுமார் 45 மீட்டருக்குள் யாரும் நெருங்கக் கூடாது என்று.

உங்கள் ஊர்ப் படகுக்காரர்கள் ஒன்றுகூடிப் பேசினால், முதலில் இதை முடிவு செய்யச் சொல்லுங்கள்: ஒரு கூட்டத்திடம் ஒரே நேரத்தில் இரண்டு மூன்று படகுதான், மற்றவர்கள் தள்ளி நின்று முறை வரும்வரை காத்திருக்க வேண்டும். முன்னால் போய் வழி மறிக்கக் கூடாது. பக்கவாட்டில், அவை போகும் வேகத்திலேயே போக வேண்டும். குட்டி இருந்தால் விலகிவிட வேண்டும். வந்தவர்கள் 'கிட்டப் போ' என்று அவசரப்படுத்துவார்கள். கிளம்பும் முன்பே கரையில் நின்று சொல்லிவிட்டால் பெரும்பாலும் கேட்பார்கள். எஞ்சினை நிறுத்தி அமைதியாக இருந்தால் டால்பின் தானாகவே படகிடம் வரும், நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

இரை போட்டு வரவழைக்கும் பழக்கத்தை மட்டும் தொடங்கவே விடாதீர்கள். பிலிப்பைன்ஸில் ஒஸ்லோப் என்ற ஊரில் 2011ல் இருந்து திமிங்கிலச் சுறாவுக்குக் கூனி இறால் போட்டுக் கூட்டம் சேர்க்கிறார்கள். கூட்டம் அலைமோதுகிறது. ஊர் ஊராகத் திரிய வேண்டிய உயிர், தீனிக்காகப் படகோரமே நிற்கிறது.

கேள்வி (ராமநாதபுரம்): நம் பாக் நீரிணையில் ஆவுளியா (கடற்பசு) இருக்கிறதே, அதை வைத்து இப்படிச் செய்யலாமா?

பதில்: வேண்டாம் என்பேன். ஆவுளியா டால்பின் மாதிரி துள்ளி விளையாடாது, கூச்சமான பிராணி. கலங்கின தண்ணீரில் கடற்புல் மேய்ந்துவிட்டு மூக்கை மட்டும் நீட்டி மூச்சு விடும். எண்ணிக்கையும் குறைவு. தேடிக்கொண்டு படகுகள் புல்வெளி மேல் ஓடினால் அடிபடும். ஒரு காலத்தில் கறிக்காகப் பிடித்தார்கள். இப்போது வலையில் சிக்கினால் வலையை அறுத்துவிட்டாவது கடலில் விடுகிறார்கள் மீனவர்கள், அதற்கு வனத்துறை பரிசும் கொடுக்கிறது. 2022ல் 448 சதுர கிலோமீட்டரைக் கடற்பசுப் பாதுகாப்பகமாகத் தமிழக அரசு அறிவித்தது. அறுந்த வலைக்கு ஈடு கைக்கு உடனே கிடைத்தால் அதுவே பெரிய காரியம்.

கேள்வி (திருச்சி): அடுத்த வருடம் குடும்பத்தோடு போஹோல் போகிறோம் அண்ணா. யாரிடம் படகு எடுப்பது?

பதில்: ரிசார்ட்டில் முன்பதிவு செய்துவிடாதீர்கள். பக்லயோன் துறைக்குப் போங்கள், பமிலக்கான் படகுகள் அங்கே வரும். ஏறும் முன் படகோட்டியிடம் எந்த ஊர் என்று கேளுங்கள். பமிலக்கான் என்றால் ஏறிவிடுங்கள். விடியற்காலையில் கிளம்புங்கள், கடல் அப்போதுதான் அமைதியாக இருக்கும். முன்முனையில் நிற்கும் பெரியவர் வானத்தைப் பார்த்தால் நீங்களும் பாருங்கள்.