ஒரு சேனலில் உண்மையில் நன்றாக ஓடிய வீடியோ எது? கேள்வியும் பதிலும்

யூடியூப் சேனல் ஒன்றின் வீடியோக்களில் எது நன்றாகப் போயிருக்கிறது என்று பார்க்க பைத்தானில் ஒரு சின்ன ஸ்கிரிப்ட் எழுதி வைத்திருக்கிறேன். அதைப் பற்றி வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

கேள்வி: சேனல் பக்கத்தில் 'பிரபலமானவை' என்று அழுத்தினாலே வியூஸ் வரிசையில் வந்துவிடுகிறதே, தனியாக ஒரு கருவி எதற்கு?

மொத்த வியூஸ் மட்டும் தெரிந்தால் போதும் என்றால் எதுவும் வேண்டாம், அந்தப் பட்டனே போதும். ஆனால் அந்த வரிசை வீடியோவின் வயதைப் பார்ப்பதில்லை. 2017-ல் போட்ட வீடியோவுக்கு வியூஸ் சேர எத்தனையோ வருடம் கிடைத்திருக்கிறது, போன மாதம் போட்டதற்கு முப்பது நாள்தான். சேனலின் அளவையும் அது பார்ப்பதில்லை. 500 சப்ஸ்கிரைபர் இருந்தபோது 20,000 வியூஸ் வந்தால் அது பெரிய வெற்றி. பத்து லட்சம் பேர் சேர்ந்த பிறகும் அதே 20,000 என்றால் வீடியோ எடுபடவில்லை என்று அர்த்தம்.

அதனால் என் ஸ்கிரிப்ட் ஒவ்வொரு வீடியோவையும் அதன் அக்கம்பக்கத்தோடு ஒப்பிடுகிறது. அதற்கு முன் வந்த பத்து, பின் வந்த பத்து, ஆக இருபது வீடியோக்களின் வியூஸை அடுக்கி நடுவில் நிற்கும் எண்ணை எடுக்கும். பள்ளியில் படித்த இடைநிலை அளவுதான் (மீடியன்). இந்த வீடியோ அதைப்போல எத்தனை மடங்கு என்பதே மதிப்பெண். இங்கே சராசரி எடுக்காதீர்கள். 19 வீடியோ தலா 5,000 வாங்கி, ஒன்று மட்டும் பத்து லட்சம் வாங்கினால் சராசரி 54,750 ஆகிவிடும். அந்தச் சேனலின் வழக்கமான வீடியோ எதுவும் அந்த எண்ணுக்குப் பக்கத்தில்கூட இல்லை. இடைநிலையோ 5,000-லேயே நிற்கும்.

ஒரு மாதம் ஆகாத வீடியோக்களைக் கணக்கில் சேர்ப்பதில்லை. அவை இன்னும் ஓடிக்கொண்டிருக்கின்றன.

கேள்வி: அண்ணா, ஸ்கிரிப்ட் யூடியூபிடம் நேரடியாகத் தகவல் கேட்டு வாங்கும் வழியான ஏபிஐ-யில் தேடல் அழைப்பு வைத்து வியூஸ் வரிசை கேட்டேன். நாலைந்து சேனல் பார்ப்பதற்குள் அன்றைய கோட்டா, அதாவது ஒரு நாளைக்கு அனுமதித்த அளவு, தீர்ந்துவிட்டது. என்ன தப்பு?

தப்பு தேடல் அழைப்பில்தான், தம்பி. ஒரு நாளைக்குக் கிடைப்பது 10,000 யூனிட். தேடல் ஒவ்வொரு முறையும் 100 யூனிட்டைத் தின்றுவிடும், ஒரு பக்கத்தில் தருவதோ 50 முடிவுதான். அதற்குப் பதில் சேனலின் 'அப்லோட்ஸ்' பட்டியலைக் கேளுங்கள். சேனல் அடையாள எண்ணின் தொடக்கத்தில் இருக்கும் 'யூசி' (UC) என்ற ஆங்கில எழுத்துகளை 'யூயூ' (UU) என்று மாற்றினால் அந்தப் பட்டியலின் எண் கிடைத்துவிடும். ஒரு பக்கத்துக்கு 50 வீடியோ, செலவு 1 யூனிட். பிறகு அந்த 50 வீடியோ எண்களையும் ஒன்றாகச் சேர்த்து வியூஸ் கேட்டால் இன்னும் 1 யூனிட். 400 வீடியோ உள்ள சேனல் 16 யூனிட்டில் முடிந்துவிடும். கோட்டா புதுப்பிக்கப்படுவது பசிபிக் நேரப்படி நள்ளிரவில், அதாவது நம் நேரத்துக்கு மதியம் 12.30 அல்லது 1.30.

அப்புறம் ஒன்று. ஏபிஐ-யைப் பயன்படுத்த உங்களுக்குத் தரப்படும் ரகசியக் குறியீடான ஏபிஐ சாவியைக் கோடுக்குள்ளேயே எழுதி, கோடு பகிரும் தளமான கிட்ஹப்பில் ஏற்றிவிடாதீர்கள்.

கேள்வி: ஷார்ட்ஸையும் சேர்த்தே கணக்குப் போடலாமா?

கூடவே கூடாது. 2025 மார்ச் 31 முதல் ஷார்ட்ஸ் ஓடத் தொடங்கினாலே, திரும்ப ஓடினாலும் கூட, ஒரு வியூ. நீள வீடியோவின் வியூவும் அதுவும் ஒரே பொருள் இல்லை. முதலில் நானும் இரண்டையும் கலந்துதான் ஓட்டினேன். மேலே வந்த இருபதும் ஷார்ட்ஸாகவே இருந்தன, அந்தப் பட்டியல் எதற்கும் உதவவில்லை. பிரிப்பதுதான் கஷ்டம், ஏனென்றால் 'இது ஷார்ட்ஸ்' என்று சொல்லும் விவரம் ஏபிஐ-யில் இல்லை. 60 வினாடிக்குள் இருந்தால் ஷார்ட்ஸ் என்ற பழைய கணக்கும் உதவாது. 2024 அக்டோபர் 15-க்குப் பின் மூன்று நிமிடம் வரை ஷார்ட்ஸ் போடலாம். 'யூயூ' இருக்கும் இடத்தில் 'யூயூஎல்எஃப்' (UULF) என்று போட்டால் நீள வீடியோ மட்டும் வருகிறது. யூடியூப் இதை எங்கும் எழுதி வைக்கவில்லை, எப்போது வேண்டுமானாலும் நிற்கலாம். அதனால் மூன்று நிமிடத்துக்குக் குறைந்ததைத் தனித் தாளில் ஒதுக்கும் வழியையும் வைத்திருக்கிறேன்.

கேள்வி: விட்ஐக்யூ, டியூப்பட்டி மாதிரி யூடியூப் சேனல்களை அலசும் கருவி ஏதாவது காசு கொடுத்து வாங்கினால் அடுத்தவர் சேனலின் வாட்ச் டைமும் (பார்வையாளர்கள் பார்த்த நேரம்) தெரியுமா?

தெரியாது. அது சேனல் சொந்தக்காரருக்கு மட்டும் காட்டப்படும். வெளியே யார் சொன்னாலும் அது மதிப்பீடுதான். அந்தக் கருவிகள் நேரத்தை மிச்சப்படுத்தும், அதற்காக வாங்கலாம்.

கேள்வி: டிஸ்லைக்கையும் சேர்த்து மதிப்பெண் போட முடியுமா?

2021 டிசம்பரிலிருந்து அந்த எண் வெளியாருக்குக் கிடைப்பதில்லை.

கேள்வி: நான் ஓய்வுபெற்ற கணித ஆசிரியர். 140 பாட வீடியோ போட்டிருக்கிறேன். கோடு எழுதத் தெரியாது. எனக்கு வழி இருக்கிறதா?

நிச்சயமாக இருக்கிறது, ஐயா. சொந்தச் சேனல் என்பதால் உங்களுக்கு என்னைவிட நல்ல தகவல் கிடைக்கும். ஸ்டுடியோவில் அனலிட்டிக்ஸ் போய், மேம்பட்ட பயன்முறையைத் திறந்து, காலத்தை 'வாழ்நாள்' என்று வைத்து, பதிவிறக்க அம்புக்குறியை அழுத்தி கூகுள் ஷீட்ஸில் எடுங்கள். அந்தப் பட்டியலில் 500 வரிசை வரை வரும், உங்கள் 140-க்குத் தாராளம். வெளியிட்ட தேதிப்படி அடுக்கி, பக்கத்தில் ஒரு பத்தி சேர்த்து, மேலே பத்து, கீழே பத்து வியூஸுக்கு மீடியன் சூத்திரம் போடுங்கள். வியூஸை அதனால் வகுத்தால் மதிப்பெண் வந்துவிடும்.

பிறகு மதிப்பெண் குறைந்த பாடங்களில் சராசரியாகப் பார்த்த நேரம் எதற்கு அதிகம் என்று தேடுங்கள். திறந்தவர்கள் உட்கார்ந்து கேட்டிருக்கிறார்கள், ஆனால் திறந்தவர்களே குறைவு. அந்தப் பாடங்களை மறுபடி எடுக்க வேண்டாம், முதலில் தலைப்பையும் தம்ப்நெயிலையும் மாற்றிப் பாருங்கள்.