அழகில்லாத நூலகத்துக்காக ஊரே வாதாடியது

கேள்வி: எங்கள் ஊரில் அறுபது வருடப் பழைய பொது மண்டபத்தை இடித்துவிட்டுச் சாலையை அகலப்படுத்தலாமா என்று பேச்சு நடக்கிறது. பார்க்கவும் அழகில்லை, பெரிய வரலாறும் இல்லை. இப்படிப்பட்ட கட்டடத்தைக் காப்பாற்றுவதில் அர்த்தம் இருக்கிறதா?

இருக்கிறது. ஆனால் ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சிங்கப்பூரில் இதே கேள்வி 1999-இல் எழுந்தபோது நான் ‘இடிக்கட்டும்’ கட்சி. அதனால் நான் சொல்வதைக் கொஞ்சம் சந்தேகத்தோடே படியுங்கள்.

ஃபோர்ட் கேனிங் மலையடிவாரத்தில், ஸ்டாம்ஃபர்ட் ரோட்டில் இருந்த பழைய தேசிய நூலகம்தான் விஷயம். ரப்பர் தொழிலில் பெரும்புள்ளியான லீ கொங் சியான் 375,000 வெள்ளி (டாலர்) கொடுத்து, கூடவே நிபந்தனையும் போட்டார்: காசு வாங்காமல் எல்லோரையும் படிக்க விட வேண்டும், உள்ளூர் மக்களின் மொழிகளில் புத்தகம் இருக்க வேண்டும். 1957-இல் அவரே அடிக்கல் நாட்டினார். 1960 நவம்பரில் திறந்தார்கள். எங்கள் வீட்டுக்குத் தமிழ்க் கதைப் புத்தகங்கள் வந்ததில் அந்த நிபந்தனைக்கும் ஒரு பங்கு உண்டு என்று நினைத்துக்கொள்வேன்.

கட்டடம் அழகா என்றால், இல்லை. திறந்த காலத்திலேயே பலருக்குப் பிடிக்கவில்லையாம். பக்கத்தில் வெள்ளைவெளேரென்று குவிமாடம் வைத்த அருங்காட்சியகம். அதன் அருகே பூச்சு வேலையை மறந்துவிட்ட மாதிரி ஒரு சிவப்புச் செங்கல் கட்டடம். பொருந்தவே பொருந்தாது.

எண்பதுகளின் தொடக்கத்தில் அப்பா சனிக்கிழமைகளில் தேக்காவில் காய்கறி வாங்கிக்கொண்டு அப்படியே என்னை அங்கே கூட்டிப்போவார். முருங்கைக்காய் நீட்டிக்கொண்டிருக்கும் பையைக் கால்களுக்கு நடுவில் இடுக்கிக்கொண்டு செய்தித்தாள் படிப்பார். நான் புத்தகத்தை எடுத்தவுடன் கதையைப் பார்க்கமாட்டேன். தவணைத் தேதி குத்தும் தாளைத்தான் பார்ப்பேன். கடைசி முத்திரைக்கும் அதற்கு முந்தையதற்கும் ஒரு வருட இடைவெளி இருந்தால் அந்தப் புத்தகம் எனக்குத்தான். யாரும் சீண்டாத புத்தகத்தை நான் கண்டுபிடித்துவிட்டேன் என்று ஒரு கர்வம். முகப்பில் அம்மா வயது பெண்மணி ஒருவர் ‘டக்’கென்று ஊதா முத்திரை குத்துவார், எப்போதும் கொஞ்சம் சாய்வாகவே விழும். தேர்வுக் காலத்தில் கதவு திறக்கும் முன்பே வாசலில் மாணவர் வரிசை. உள்ளே இடம் பிடிக்க நானும் நின்றிருக்கிறேன். படித்ததைவிடப் பேசியதுதான் அதிகம், அது வேறு கதை.

சரி, விவாதத்துக்கு வருகிறேன். 1997-இல்தான் நூலகத்தைப் புதுப்பித்து மறுபடி திறந்திருந்தார்கள். அடுத்த வருடமே சிங்கப்பூர் நிர்வாகப் பல்கலைக்கழகத்தின் நகர வளாகம் பற்றிய செய்தி வந்தது. கூடவே மலைக்கு அடியில் சுரங்கச் சாலை, அதற்காக நூலகத்தை இடிக்க வேண்டும். 1999 மார்ச்சில் வளாகத் திட்டம் பற்றி நடந்த பொதுக் கூட்டத்திலேயே எதிர்ப்புக் கிளம்பிவிட்டது. பத்திரிகைகளுக்குக் கடிதம் கடிதமாகப் போனது. எதற்கும் வாய் திறக்காத ஊர் என்று பெயரெடுத்த எங்கள் ஊரில் அது ஆச்சரியம்தான்.

இடிக்கச் சொன்னவர்களின் வாதம் சுருக்கமானது: கட்டடக்கலை என்று பார்த்தால் அதில் பெரிய சிறப்பு இல்லை, நெரிசல் குறைய வேண்டும், இதைவிடப் பெரிய நூலகம் வரப்போகிறது. எனக்கு அது நியாயமாகவே பட்டது. தமிழுக்கும் அங்கே கூடுதல் இடம் கிடைக்குமே என்று கணக்குப் போட்டேன். அந்தக் கணக்கு தப்பில்லை. 2005-இல் விக்டோரியா ஸ்திரீட்டில் திறந்த 16 மாடி நூலகம் நல்ல நூலகம், இன்றும் போகிறேன்.

நான் கவனிக்கத் தவறியது இதைத்தான். அழகு, தொன்மை என்ற தராசில் மட்டும் நிறுத்தால் அந்த நூலகம் தோற்கத்தான் செய்யும். கடிதம் எழுதியவர்கள் யாரும் அதை அழகென்று சொல்லவில்லை. அங்கே காதலித்தோம், தேர்வுக்குப் படித்தோம், அப்பாவோடு போனோம் என்றார்கள். அதையெல்லாம் நிறுக்க அந்தத் தராசில் தட்டே இல்லை.

கட்டடக் கலைஞர் டே கெங் சூன் மட்டும் வேறு வழியில் போனார். நூலகத்தை விட்டுவிட்டுச் சுரங்கத்தை எப்படித் திருப்பலாம் என்று 2000 ஜனவரியில் மாற்றுத் திட்டமே வரைந்து காட்டினார். பலிக்கவில்லை. மார்ச்சில் தேசிய வளர்ச்சி அமைச்சர் மா பௌ டான் முடிவை அறிவித்துவிட்டார். இருந்தாலும் உங்கள் ஊருக்கு நான் சொல்லும் யோசனை டே கெங் சூன் செய்ததுதான். சாலை வேண்டாம் என்று சொல்லாதீர்கள். மண்டபத்தை விட்டுவிட்டுச் சாலை எந்தப் பக்கமாகப் போகலாம் என்று ஒரு பொறியாளரைப் பிடித்து வரையுங்கள். அதையும் இப்போதே செய்யுங்கள். டெண்டர் போன பிறகு கொண்டுபோனால் வாங்கி மேசையில் வைத்துவிடுவார்கள். அப்புறம், மண்டபத்தில் வாரத்தில் எந்த நாள் யார் வருகிறார்கள், கல்யாணம் எத்தனை, ரத்த தான முகாம் எத்தனை என்று ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். அழகைப் பற்றிப் பேசுவதைவிட அந்த நோட்டு உதவும்.

2004 மார்ச் 31-ஆம் தேதி நூலகத்தை மூடினார்கள். அந்த வாரம் போனேன். ஆளாளுக்குப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். பள்ளிச் சீருடையில் இருந்த ஒரு பையன் செங்கல்லை நகத்தால் சுரண்டிப் பார்த்துக்கொண்டிருந்தான். இன்று அந்த இடத்தில் மிச்சம் இரண்டு வாசல் தூண்கள். கொஞ்சம் செங்கற்களை எடுத்துப் புது நூலகத்தில் ஒரு சுவராக எழுப்பியிருக்கிறார்கள்.

சுரங்கத்தின் நீளம் 350 மீட்டர். மணிக்கு 50 கிலோமீட்டரில் போனால் 25 விநாடி. ஒருமுறை அப்பாவோடு டாக்சியில் அதற்குள் போகும்போது, “நூலகம் எந்தப் பக்கம்டா இருந்துச்சு?” என்று கேட்டார். நான் இடமா வலமா என்று யோசித்து முடிப்பதற்குள் வண்டி வெளியே வந்துவிட்டது.