முன் பிரேக் பேடு மாற்ற கம்ப்யூட்டர் எதற்கு?

கேள்வி: கோவையில் இருக்கிறேன். செகண்ட் ஹேண்டில் வாங்கிய 2009 மாடல் போர்ஷ் பாக்ஸ்டர் எஸ் வைத்திருக்கிறேன். பேடு தேய்ந்துவிட்டதாக டாஷ்போர்டில் விளக்கு எரிகிறது. முன் பேடை வீட்டிலேயே மாற்றிக்கொள்ள ஆசை. ஆனால் ஒர்க்‌ஷாப்காரர், “கம்ப்யூட்டர் போடாமல் கழற்றினால் ஏபிஎஸ் போய்விடும், டிஸ்க்கையும் சேர்த்துத்தான் மாற்ற வேண்டும்” என்கிறார். வீடியோக்களில், பேடை டிஸ்க்கில் அழுத்தும் காலிப்பரைக் கழற்றி கிளாம்ப் போட்டு அமுக்குகிறார்கள். என் காரில் அப்படி ஒன்றும் தெரியவில்லை. கை வைக்கலாமா?

பதில்: வைக்கலாம். உங்கள் காரின் முன் பேடு மாற்ற கம்ப்யூட்டர் தேவையே இல்லை. இப்போது வரும் பல கார்களில் பின் சக்கரக் காலிப்பரில் எலெக்ட்ரிக் ஹேண்ட் பிரேக் மோட்டார் இருக்கிறது. அதைப் பின்வாங்க வைக்க கம்ப்யூட்டர் வேண்டும். அந்தக் கதையைத் தூக்கிவந்து கை லீவர் உள்ள உங்கள் காரின் முன் சக்கரத்தில் மாட்டுகிறார்கள். நீங்கள் பிரேக் பைப்பைக் கழற்றப் போவதில்லை, காற்று புகாது, ஏபிஎஸ்ஸுக்கு ஒன்றும் ஆகாது.

வீடியோவில் வருவது ஒரு பக்கம் மட்டும் பிஸ்டன் உள்ள நகரும் காலிப்பர். உங்களுடையது இரு பக்கமும் இரண்டிரண்டு பிஸ்டன் உள்ள, நகராத காலிப்பர். அதைக் கழற்றவே வேண்டாம். குறுக்கே போகும் பின்னின் கிளிப்பை எடுத்து, ஸ்பிரிங்கை அழுத்திக்கொண்டு பின்னைத் தட்டினால் வந்துவிடும். பேடு மட்டும் வராது. அதன் முதுகில் ஒட்டியிருக்கும் அதிர்வு தணிக்கும் தட்டின் குமிழ்கள் பிஸ்டனுக்குள் செருகியிருக்கும். பழைய பேடுக்கும் டிஸ்க்குக்கும் நடுவே தட்டையான கம்பியைக் கொடுத்து மெதுவாக நெம்புங்கள். பிஸ்டன்கள் உள்ளே போகும், பேடும் விடுபடும். ஒரு பேடை எடுத்து, புதியதைப் போட்ட பிறகே அடுத்ததில் கை வையுங்கள். இரண்டையும் ஒன்றாக எடுத்துவிட்டு ஒரு பிஸ்டனை அமுக்கினால் எதிர்ப்பக்கத்துப் பிஸ்டன் வெளியே எட்டிப் பார்க்கும். கழன்று விழுந்தால் அப்புறம் வீட்டு வேலை அல்ல, லாரி வாடகை.

பிஸ்டன் உள்ளே போகப் போக முன் டிக்கியில் உள்ள பிரேக் ஆயில் டப்பாவில் மட்டம் ஏறும். நடுவில் யாராவது ‘ஃபுல்’ செய்திருந்தால் வழியும். அது பெயின்டைத் தின்றுவிடும். சிரிஞ்சால் கொஞ்சம் உறிஞ்சி எடுத்துவிட்டுத் தொடங்குங்கள். சிந்தினால் உடனே தண்ணீர் ஊற்றுங்கள்.

சரி, விளக்கு விஷயத்துக்கு வருகிறேன். பேடில் செருகியிருக்கும் சென்சாரில் ஒயர் வளையமாகப் போய்த் திரும்புகிறது. பேடு தேய்ந்து, டிஸ்க் அந்த வளையத்தை அறுத்ததும் விளக்கு எரியும். அறுந்த இரு முனைகளையும் முறுக்கி டேப் சுற்றினால் விளக்கு அணைந்துவிடும்! பழைய சொகுசுக் கார் புரோக்கர்களில் சிலர் விற்பதற்கு முன் செய்கிற கைவேலை இதுதான். ஐந்து நிமிடம், செலவு ஒரு துண்டு டேப். வாங்குகிறவர் விளக்கு எரியவில்லை என்று நிம்மதியாக ஓட்டுவார், பேடின் இரும்புத் தகடு டிஸ்க்கை அறுக்கும் சத்தம் வரும்வரை. ஆகவே நான்கு சக்கரத்திலும் டார்ச் அடித்துப் பேடின் கனத்தையும் சென்சார் ஒயரையும் பாருங்கள். எங்காவது ஒயர் அறுந்திருந்தாலோ, கறுப்பு டேப் தெரிந்தாலோ அந்தச் சென்சாரையும் மாற்றுங்கள். எந்தச் சக்கரம் என்று விளக்கு சொல்லாது; பின் பேடாகவும் இருக்கலாம்.

பேடு வாங்கும் இடத்திலும் இதே கூத்துதான். ‘ஒரிஜினல்’ என்று ஹாலோகிராம் பளபளக்கும் டப்பாவை நீட்டுவார்கள். டப்பாவை விடுங்கள், பேடின் முதுகைப் பாருங்கள். தயாரிப்பாளர் பெயர், வட்டத்துக்குள் ‘E’ என்ற ஆங்கில எழுத்து, ஆர்90 (மாற்றுப் பேடுகளுக்கான ஐ.நா. விதி) அங்கீகார எண் ஆகியவை தகட்டிலேயே இருக்க வேண்டும். எதுவுமில்லாத வெற்றுத் தகட்டை யார் தயாரித்தார்கள் என்று யாருக்கும் தெரியாது. வாகன உதிரி பாகங்களுக்கு ஜிஎஸ்டியை 2025 செப்டம்பர் 22 முதல் 28லிருந்து 18 சதவீதமாகக் குறைத்தார்கள். பில் கேளுங்கள். “பில் வேண்டாம்னா இன்னும் குறைச்சுத் தரேன்” என்றால் அந்தப் பேடு எங்கிருந்து வந்தது என்று புரிந்துகொள்ளுங்கள். கார் ஓடுவதற்கு வரி, காப்பீடு, புகைச் சான்று என்று எத்தனையோ கேட்கிற நாடு, ஒரு கடையில் என்ன பேடு விற்கிறார்கள் என்று எட்டிப் பார்ப்பதில்லை.

டிஸ்க்கைக் கட்டாயம் மாற்ற வேண்டுமா? அளந்துவிட்டுச் சொல்லட்டும். குறைந்தபட்சக் கனம் டிஸ்க்கிலேயே பொறித்திருக்கும். ஓரத்தில் தேயாத விளிம்பு நிற்பதால் வெர்னியரை நேராக வைத்தால் கனம் கூடுதலாகக் காட்டும். இரு பக்கமும் ஒரு ரூபாய் நாணயம் வைத்து அளந்து, நாணயங்களின் கனத்தைக் கழியுங்கள். பொறித்த அளவுக்கு வந்துவிட்டாலோ, நெருங்கிவிட்டாலோ மாற்றுங்கள்.

ஒரே ஒரு இடத்தில் மட்டும் நான் பிடிவாதமாகக் ‘கூடாது’ என்பேன்: செராமிக் டிஸ்க். போர்ஷ் இதை 2001-இல் 911 ஜிடி2-வில் கொண்டுவந்தது. பிறகு பாக்ஸ்டருக்கும் ஆப்ஷனாகத் தந்தது. அடையாளம் மஞ்சள் காலிப்பர். பாக்ஸ்டர் எஸ்ஸில் சாதாரணமாக வருவது சிவப்பு. ஆனால் நிறத்தை நம்பாதீர்கள். ஷோவுக்காக மஞ்சள் அடித்தவர்களும் உண்டு, பழைய மஞ்சளைச் சிவப்பாக்கியவர்களும் இருக்கலாம். காரைக் கழுவி ஒரு இரவு நிறுத்துங்கள். காலையில் டிஸ்க்கில் செம்மண் நிறத்தில் துரு படிந்திருந்தால் இரும்பு, கவலையில்லை. துருவே இல்லாமல், கருஞ்சாம்பல் நிறத்தில் இழை இழையாகத் தெரிந்தால் செராமிக். அதற்குத் தனிப் பேடு. ஒரு டிஸ்க்கின் விலை தலையைச் சுற்ற வைக்கும். நெம்பும்போது கம்பி விளிம்பில் பட்டுச் சில்லு பெயர்ந்தால் டிஸ்க்கையே மாற்ற வேண்டி வரலாம். அந்தக் காரைத் தெரிந்தவரிடம் விடுங்கள்.

வீல் போல்ட்டில் ஒன்று லாக் போல்ட்டாக இருக்கும். அதன் சாவி டூல் பையில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். கைமாறிய கார்களில் முதலில் காணாமல் போவது அதுதான். ஜாக்கியை நம்பி வேலை செய்யாதீர்கள், ஸ்டாண்டு போடுங்கள், செங்கல் வேண்டவே வேண்டாம். பிரேக் தூளைக் காற்றடித்து ஊதாமல், கிளீனர் அடித்துத் துடையுங்கள். போல்ட்டுகளுக்கு 130 நியூட்டன் மீட்டர் முறுக்கு, டார்க் ரெஞ்சால்.

எல்லாம் மாட்டியதும் காரை அசைப்பதற்கு முன்பே, பெடல் கெட்டியாகும்வரை பல முறை மிதியுங்கள். முதல் மிதி தரைவரை போகும். அந்த மிதியை வீட்டு வாசலிலேயே மிதித்துவிட வேண்டும், அவிநாசி ரோடு சிக்னலில் அல்ல. அப்புறம் ஆயில் மட்டம் பாருங்கள். புதுப் பேடு டிஸ்க்கோடு படிய, காலியான சாலையில் 60லிருந்து 20 வரை மிதமாகப் பத்துத் தடவை வேகம் குறையுங்கள். சூடான டிஸ்க்கில் பெடலை மிதித்தபடி நிற்காதீர்கள். அதற்குப் பிறகும் விளக்கு எரிந்தால், சென்சார் கனெக்டரைச் சரியாக அழுத்தவில்லை என்று அர்த்தம், அல்லது பின் சக்கரத்தைப் பார்க்க வேண்டும்.