வாசகர் கேள்வி – பதில்: பெண்கள் ஓட்டமும் மரபணுச் சோதனையும்

கேள்வி: கடலூர் அண்ணா விளையாட்டரங்கில் என் மகள் 800 மீட்டர் ஓட்டப் பயிற்சி பெறுகிறாள். பெண்கள் பிரிவில் ஓட மரபணுச் சோதனை கட்டாயமாமே? இது நியாயமா?
– வாசகி, திருப்பாதிரிப்புலியூர்.

பதில்: உலகச் சாம்பியன்ஷிப் போன்ற போட்டிகளில் பெண்கள் பிரிவில் ஓட விரும்புவோர், வாழ்நாளில் ஒருமுறை எஸ்ஆர்ஒய் (கருவில் ஆண் உடல் வளர்ச்சியைத் தொடங்கிவைக்கும் மரபணு) உடலில் உள்ளதா என்று பார்க்கும் சோதனை செய்துகொள்ள வேண்டும் என்பது 2025 செப்டம்பர் 1 முதல் உலகத் தடகள அமைப்பின் விதி. கன்னத்தின் உட்புறத்திலிருந்து எடுக்கும் மாதிரியோ சிறிது இரத்தமோ போதும். பள்ளி, மாவட்டப் போட்டிகளுக்காக எழுதப்பட்ட விதியன்று இது.

பருவ வயதில் ஆண் உடல் பெறும் உயரமும் தசைவலிமையும் ஓட்டத்தில் பெரிய வேறுபாட்டை உண்டாக்குவதால், பெண்களுக்குத் தனிப்பிரிவு தேவை என்பதை நான் முழுமனத்துடன் ஏற்கிறேன். ஆனால், பெண்ணாகப் பிறந்து பெண்ணாகவே வளர்ந்த சிலரின் உடலிலும் இயற்கையாக இம்மரபணு அமையக்கூடும். விவாதத்தின் வேதனையான பகுதி அதுதான். நம் புதுக்கோட்டை மாவட்டத்துச் சாந்தி சௌந்தரராஜன் 2006 தோஹா ஆசியப் போட்டியில் இதே 800 மீட்டரில் வென்ற வெள்ளிப் பதக்கத்தைப் பாலினச் சோதனைக்குப் பின் இழந்தார். அவருடைய உடலைப் பற்றி ஊரே பேசும்படி செய்தி ஊடகங்களில் பரவியதை என்னால் இன்றும் ஏற்க முடியவில்லை. உடலில் இயற்கையாகவே ஆண் ஹார்மோன் மிகுந்திருந்ததாகக் கூறி 2014-இல் போட்டிகளிலிருந்து விலக்கப்பட்ட ஒடிசா ஓட்டவீராங்கனை டூட்டி சந்த், சர்வதேச விளையாட்டு நடுவர் மன்றத்தில் வழக்காடி 2015-இல் மீண்டும் ஓடும் உரிமை பெற்றார்.

மகள் உலகப் போட்டி நிலைக்கு உயரும்போது, சோதனைக்கு முன்பே மருத்துவரிடம் விளக்கம் பெறுங்கள். முடிவை யார் யார் பார்ப்பார்கள் என்பதை எழுத்து வடிவில் கேளுங்கள்.