ரெயின்டியர் மேய்க்கிறவைக்கு என்னதான் பிரச்சனை? கேட்ட கேள்வியளுக்கு என்ர பதில்

ரெயின்டியர் எண்ட பனிப்பிரதேச மானைப் பற்றி எழுதச் சொல்லி கன பேர் கேட்டிருந்தீங்கள், ஒவ்வொண்டா சொல்லுறன். நான் இருக்கிறது நோர்வேயின்ர வடக்குத் தொங்கல், ஃபின்மார்க். மந்தை என்ர இல்லை, ரெயின்டியர் இறைச்சி வெட்டுற இடத்தில வேலை, அங்க வாற சாமி எண்ட இன ஆக்களோட (இந்த வடக்கு நாடுகளின்ர ஆதிக்குடி, மான் மேய்க்கிறவை) கதைச்சுக் கதைச்சு அறிஞ்சதுதான் எல்லாம்.

மதுரைக்காரன்: அண்ணே, பனியிலயே பொறந்து வளர்ற மிருகம், அதுக்கு குளிர்காலத்துல என்ன கஷ்டம்? குளோபல் வார்மிங்னா அதுக்கு ஈசியால்ல இருக்கணும்?

மைனஸ் 40 குளிர் அதுக்கு ஒண்டும் செய்யாது தம்பி, சூடு வந்தாத்தான் ஆபத்து. மாரியில, அதாவது குளிர்காலத்தில, அது தின்னுறது தரையோட ஒட்டி வளர்ற லைக்கன், பாசி மாதிரி ஒண்டு. பனிக்குள்ள மூக்கை விட்டு மணந்து பிடிச்சு முன்னங்காலால தோண்டித் தின்னும். நடு மாரியில திடீரெண்டு சூடாகி மழை பெய்ஞ்சு, திரும்ப உறைஞ்சுதெண்டா மேல ஐஸ் மூடிப்போடும். சாப்பாடு காலுக்குக் கீழ இருக்கு, மணமும் வராது, குளம்பும் இறங்காது. ரஷ்யாவில யமால் எண்ட இடத்தில 2013 நவம்பரில இப்பிடித்தான் மழை பெய்ஞ்சு உறைஞ்சுது, நெனெட்ஸ் இன ஆக்களின்ர மான் 61,000 பட்டினியில செத்துப்போச்சு.

ஐஸ் வருசம் முந்தியும் வந்ததுதான். வந்தா மந்தையைக் கிளப்பி வேற காட்டுக்கு, வேற பள்ளத்தாக்குக்குக் கொண்டு போடுவினம், அதுதான் அவைக்குத் தெரிஞ்ச வைத்தியம். இப்ப அந்த வேற இடத்தில ரோடு நிக்குது, அணை நிக்குது, சுரங்கம் நிக்குது, காத்தாலை நிக்குது. என்னோட கதைக்கிற ஆக்கள் வானத்தைத் திட்டுறதை விட இதைத்தான் கூடத் திட்டுறவை.

கடலைமிட்டாய்: தீவனம் வாங்கிப் போட்டா முடிஞ்சுதே? எங்க ஊர்ல கோடைல மாட்டுக்கு வைக்கோல் வாங்கிப் போடுறோம்ல.

போடினம்தான், இப்ப கன இடத்தில போடாமல் ஏலாது. ஆனா லைக்கனுக்குப் பழகின வயிறு அது, பட்டினி கிடந்த மானுக்கு ஒரேயடியா தீவனத்தைக் குடுத்தா வயிறு குழம்பி செத்தும் போகும், கொஞ்சம் கொஞ்சமாப் பழக்கோணும். வேலிக்குள்ள நெருக்கி வைச்சா கண் நோய், வாய்ப்புண் எல்லாம் ஒண்டில இருந்து ஒண்டுக்குத் தொத்தும். காசைப் பற்றிச் சொல்லவே வேண்டாம், தீவனம், டீசல், ஸ்னோ ஸ்கூட்டர் எல்லாம் கழிச்சா இறைச்சி வித்து மிஞ்சுறது கொஞ்சம்தான்.

சுவீடன் பக்கம் இதுக்கு பழைய காடே ஒரு வழி வைச்சிருந்தது. வயசான மரங்களின்ர கொப்பில தாடி தாடியா லைக்கன் தொங்கும், தரை உறைஞ்சா மான் அதைத் தின்னு தப்பும். இப்ப மரக் கொம்பனியள் ஒரு பக்கத்தில இருந்து மொட்டையா வெட்டிக்கொண்டு வருகினம், திரும்ப மரம் நட்டாலும் அந்தத் தாடி வர பல பத்து வருசம் போகும்.

லண்டன்மச்சான்: காத்தாலையும் வேணாம்னா கரண்டுக்கு எங்க போறது ப்ரோ? கிளைமேட்டுக்காகத்தானே வைக்கிறாங்க?

இந்தக் கேள்வியைத்தான் எதிர்பார்த்தனான். ஃபோசன் எண்டு நோர்வேயின்ர நடுப்பகுதியில ஒரு இடம். அங்க ஸ்டோர்ஹெய்யா, ரோவான் எண்ட ரெண்டு இடத்திலயும் சேர்த்து 151 காத்தாலை. அது தெற்கு சாமி குடும்பங்கள் மாரியில மான் மேய்க்கிற நிலம். காத்தாலை சுத்துற பக்கம் மான் வராது, கன தூரம் விலகிப் போயிடும், அப்ப நிலம் இருந்தும் இல்லாத மாதிரித்தான். குடும்பங்கள் வழக்குப் போட்டு, 2021 அக்டோபரில உச்ச நீதிமன்றத்தில 11 நீதிபதியளும் ஒரே குரல்ல சொல்லிச்சினம், குடுத்த அனுமதி செல்லாது, அந்த மக்களின்ர பண்பாட்டு உரிமையை மீறுது எண்டு.

தீர்ப்பு வந்தா கழட்டியிருக்கோணும் எண்டுதானே நினைப்பீங்கள்? இல்லை, சுத்திக்கொண்டே இருந்தது. 500 நாள் ஆனாப்பிறகு, 2023 பெப்ரவரியில சாமி இளம் பிள்ளையள் ஒஸ்லோவில எரிசக்தி அமைச்சுக்குள்ள போய் குந்திட்டினம், கிளைமேட்டுக்காகப் போராடுற சுவீடன் பிள்ளை கிரேட்டா துன்பெர்க்கும் வந்து சேர்ந்தா. பிறகு அரசாங்கம் மன்னிப்புக் கேட்டது, 2023 கடைசியிலயும் 2024 தொடக்கத்திலயும் குடும்பங்களோட ஒப்பந்தம் போட்டு இழப்பீடும் வேற மேய்ச்சல் நிலமும் தாறம் எண்டது. காத்தாலை அங்கயேதான் நிக்குது. கிளைமேட் மாறி மான் சாகிறதும் அவைக்கு, கிளைமேட்டைக் காப்பாத்த நிலம் குடுக்கிறதும் அவை எண்டா அது எந்த ஊர் நியாயம் எண்டு எனக்கு விளங்கேல்லை.

வெண்ணிலா: ஓநாய், கரடி எல்லாம் பெரிய தொல்லையா அக்கா?

அக்கா இல்லை, அண்ணை 😄 ஓம், ஆனா ஓநாயை விட வொல்வரினும் (சின்னக் கரடி மாதிரி ஒரு வேட்டை மிருகம்) லிங்ஸும்தான் (ஒரு பெரிய காட்டுப் பூனை) கூடப் பிடிக்கிறது. சின்னக் கன்றுகளை கழுகும் கொண்டுபோகும். நோர்வேயில பிடிபட்ட மானுக்கு நட்டஈடு இருக்கு, ஆனா மிருகம்தான் கொன்றது எண்டு நிச்சயமாக் காட்ட செத்த மானின்ர உடம்பு வேணும், மலையில எங்க போய்த் தேடுறது? சுவீடனில உந்தக் கரைச்சல் குறைவு, மேய்க்கிறவையின்ர மேய்ச்சல் நிலத்தில எத்தனை வொல்வரின், லிங்ஸ் குட்டி போட்டது எண்டு பார்த்துக் காசு குடுக்கினம்.

மதுரைக்காரன்: ஒரு குடும்பத்துக்கு எத்தனை மான் இருக்கும்? நாமளும் வாங்கி வளர்க்கலாமா?

உங்கட மான் எத்தனை எண்டு முகத்துக்கு நேர கேட்டிடாதீங்கோ, பாங்க்கில எவ்வளவு வைச்சிருக்கிறாய் எண்டு கேட்கிற மாதிரி. வாங்கி வளர்க்கிறதெண்டா, சுவீடனில அது சாமி ஆக்களுக்கு மட்டும் உள்ள உரிமை, நோர்வேயிலயும் பெரும்பாலும் அப்பிடித்தான். பின்லாந்தில மட்டும் அந்தப் பகுதியில குடியிருக்கிற ஐரோப்பிய யூனியன் குடிமக்கள் ஆரும் வைச்சிருக்கலாம்.

ரியாக்டர்: செர்னோபில் அங்க வரைக்கும் பாதிச்சதுனு சொல்றாங்களே?

உண்மை. லைக்கனுக்கு வேர் இல்லை, மழையில வாறதை அப்பிடியே உறிஞ்சும். 1986இல செர்னோபில் அணு உலை வெடிச்சாப்பிறகு பெய்ஞ்ச மழையில சீசியம் எண்ட கதிரியக்கப் பொருள் இறங்கி லைக்கனுக்குள்ள, அங்க இருந்து மானுக்குள்ள. தெற்கு சாமி பகுதியளில கன இறைச்சியை எறிஞ்சவை. நோர்வே அந்த வருசமே ரெயின்டியர் இறைச்சியில இருக்கலாம் எண்ட அளவை கிலோவுக்கு 6,000 பெக்கரல் (கதிரியக்கத்தை அளக்கிற அலகு) எண்டு கூட்டிவிட்டது, இல்லாட்டி தொழிலே நிண்டிருக்கும்.

லண்டன்மச்சான்: அடுத்த வருஷம் கார்ல வர்றோம், என்ன கவனிக்கணும்?

நாய் கொண்டுவந்தா கட்டி வையுங்கோ, நோர்வேயில ஏப்ரல் 1 தொடக்கம் ஓகஸ்ட் 20 மட்டும் அது சட்டம். மே மாசம் கன்று போடுற நேரம், மானுக்குக் கிட்டப் போய் படம் எடுக்க வேண்டாம், ட்ரோனும் வேண்டாம். சுவீடன் வழியா வந்தீங்களெண்டா ரோட்டோரக் கம்பில கறுப்புக் குப்பைப் பை கட்டியிருக்கிறதைப் பார்ப்பீங்கள், கிட்டடியில மந்தை நிக்குது எண்டு அர்த்தம், ஸ்பீடைக் குறையுங்கோ.